கணக்கெடுப்பு

சொல்லாமல் போ என்றாள் எமில்டா.
நாலு மணிக்குப் போ,
காபி கொடுக்கிற நேரத்தில்தான்
ஒரு இடத்தின் குணம் வெளியே வரும்.
ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில்
பாதி ஆயுசு ராத்திரி டூட்டி பார்த்தவள்.
மளிகைப் பில்லின் பின்பக்கம்
பன்னிரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தாள்.
சுவரைப் பார்க்காதே, நகத்தைப் பார்.
போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்.
தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா பார்.

முகலிவாக்கத்தில் முதலாவது.
வரவேற்பறையில் மீன்தொட்டி.
மீன்கள் நல்ல ஆரோக்கியம்.
மாடியைப் பார்க்கணும் என்றேன்.
லிஃப்ட் ரிப்பேர் என்றார்கள்.
படி இருக்கிறதே என்றேன்.
பேச்சு அட்வான்ஸுக்குப் போய்விட்டது.

மாடம்பாக்கத்தில்
ஃபினாயில் தெருமுனை வரை வந்து
கூட்டிக்கொண்டு போனது.
ஆண்கள் எட்டுப் பேருக்கும் மொட்டை.
சுத்தத்துக்காக மேடம்.
இவர் சட்டைப்பையில் இன்னும் சீப்பு இருக்கிறது.
நான் காபியைக் குடிக்காமல் எழுந்தேன்.

மூன்றாவது பள்ளிக்கரணை,
சதுப்பு நிலத்தைப் பார்த்த பழைய வீடு.
படிவம் நீட்டினார் மேனேஜர்.
பெயர் சற்குணம். வயது அறுபத்து மூன்று.
வயசு கம்மியா இருக்கே என்றார்.
கம்மிதான் என்றேன்.

ஆளில்லாத கட்டிலில் உட்கார்ந்து
யாருக்கும் தெரியாமல் மணியை அழுத்தினேன்.
நாற்பத்தொன்று எண்ணுவதற்குள்
ஒரு பெண் ஓடி வந்தாள்,
கையில் நகவெட்டியோடு. ஒடிசாக்காரி, மாமினி.
ஜன்னலோரப் பெரியவருக்கு
இடது கை நகம் மட்டும் வெட்டியிருந்தது.
வலது நாளைக்கு, இன்னிக்கு அவர் கோபம் என்றாள்.

ராத்திரிக்கு எத்தனை பேர்?
பதினெட்டுப் பேருக்கு இரண்டு பேர்.
அதில் ஒருவர் வாட்ச்மேன்.
எமில்டா இந்த இடத்தில் எழுந்து வந்திருப்பாள்.
நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.
கதவை வெளியே பூட்டுவீர்களா?
அதட்டலாகத்தான் கேட்டேன்,
இவரை உள்ளே வைத்துப் பூட்டிவந்த சாவி
என் கைப்பையில் கிடக்க.

தாளில் இல்லாத பதிமூன்றாவதை
எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.
மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர்.
சைதாப்பேட்டைச் சந்துகளில்
நாய்களின் பெயர் வரைக்கும் தெரியும்.
இப்போது எந்த கேட் திறந்திருந்தாலும்
உள்ளே போய் மீட்டரைத் தேடுகிறார்.
ஜோன்ஸ் ரோட்டில் ஒருமுறை அடித்துவிட்டார்கள்.

இங்கே வந்தால்
தினமும் மீட்டரைப் பார்க்கணும் என்பார்,
விடுவீர்களா?

பெட்டி பூட்டியிருக்கும் மேடம், சேஃப்டி
என்றார் மேனேஜர்.
மாமினி கொஞ்சம் யோசித்து
தெரிந்த தமிழில் கேட்டாள்:
எழுத நோட்டு நாங்க வாங்கணுமா,
அவர் கொண்டு வரும்?

வெளியே வந்தபோது
கேட் பக்கத்தில் மீட்டர் பெட்டி.
கண்ணாடியில் தூசி.
முந்தானையால் துடைத்து
எமில்டாவின் பன்னிரண்டாவது கேள்விக்குக் கீழே
எண்ணை எழுதிக்கொண்டேன். ஏன் என்று தெரியாது.
வேளச்சேரி பஸ்ஸில் நின்றபடி
அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.
விடை வந்த கேள்விகளைப் பார்க்கவில்லை.

பூட்டைத் திறந்தபோது
கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்,
தலை வாரி, செருப்புப் போட்டு.
எவ்வளவு நேரமாகவோ.

தாளை நீட்டினேன்.
காலையில் என்னை அக்கா என்று கூப்பிட்டவர்
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிசகாமல் படித்தார்:
ஆறாயிரத்து நானூற்றுப் பதினேழு.

முந்தின ரீடிங்?

இல்லை என்றேன்.

அது இல்லாம எப்படிம்மா கணக்குப் போடறது
என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்,
யார் வீட்டுப் பெண்ணிடமோ
வாசலில் நின்று சொல்வதுபோல,
மரியாதையாக.